பதின்ம வயதினருக்கான நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை

நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை என்பது, புகைப்பழக்கத்தை விட விரும்பும் ஒருவருக்குப் புகை இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் அளவாகக் கொடுத்து, சில வாரங்களில் அதனையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் மருத்துவ முறை ஆகும். தோலில் ஒட்டும் பட்டை, மெல்லும் சூயிங்கம், வாயில் கரையும் மாத்திரை முதலிய வடிவங்களில் இது கிடைக்கின்றது. வயது வந்தோரிடம் இம்முறையின் பயன் பல ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளது. பதின்ம வயதினரைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பாதுகாப்பானதாகக் காணப்பட்டாலும், நீண்டகாலப் பயன் அதே அளவு உறுதியாக நிறுவப்படவில்லை. எனவே இவ்வயதினருக்கு இது தனித்து நிற்கும் மருந்தாக அல்லாமல், ஆலோசனையுடன் சேர்த்து, மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படும் துணை மருந்தாகவே கருதப்படுகின்றது.

இக்கட்டுரை இச்சிகிச்சை செயற்படும் விதத்தையும், பதின்ம வயதினரிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகளையும் விளக்குகின்றது. விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இதற்கு உள்ள தனித் தேவையும் கூறப்படுகின்றது.

பின்னணி

புகையிலைப் புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் உள்ளன. புற்றுநோயை உண்டாக்குபவை, இரத்தம் உயிர்வளியை ஏற்றிச் செல்வதைத் தடுக்கும் கார்பன் மோனாக்சைடு, நுரையீரலில் படியும் தார் முதலியன இவற்றுள் அடங்கும். நிக்கோட்டின் இவற்றிலிருந்து வேறுபட்டது. புகைப்பவரை அப்பழக்கத்திற்கு அடிமையாக்குவது நிக்கோட்டின். அவரது உயிரைப் பறிக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் காரணமாவது புகை. நிக்கோட்டின் தீங்கற்றது என்பது இதன் பொருள் அன்று. பழக்கத்திற்கு அடிப்படையான பொருளை வைத்துக்கொண்டு, நோய்க்குக் காரணமான பொருட்களை முதலில் நீக்கிவிட முடியும் என்பதே இதன் பொருள். நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை இந்தப் பிரிப்பின் மீதே அமைந்துள்ளது.

நிக்கோட்டின் செயற்படும் விதம்

உள்ளிழுக்கப்படும் புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையை அடைகின்றது. அங்குள்ள ஏற்பிகளில் இணைந்து, டோப்பமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கின்றது. இதனால் சிறிது நேரம் இன்ப உணர்வும் விழிப்புணர்வும் தோன்றுகின்றன. தொடர்ந்து புகைக்கும்போது இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகின்றது. பின்னர் நிக்கோட்டின் கிடைக்காத நேரங்களில் எரிச்சல், பதற்றம், கவனக் குறைவு, தூக்கமின்மை, மிகு பசி, புகைக்கும் வேட்கை ஆகியவை தோன்றும். இவை விலகல் அறிகுறிகள் எனப்படுகின்றன. கடைசிச் சிகரெட்டிற்குப் பின் முதல் சில நாட்களில் இவை உச்சத்தில் இருந்து, சில வாரங்களில் தணிகின்றன.

இரத்தத்தில் நிக்கோட்டினின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். அதாவது ஒவ்வொரு 2 மணி நேரத்திலும் அதன் அளவு பாதியாகக் குறைகின்றது. எடுத்துக்காட்டாக, இரவு 10 மணிக்குக் கடைசிச் சிகரெட்டைப் புகைத்து உறங்கியவரின் இரத்தத்தில் 12 மணிக்குப் பாதி, 2 மணிக்குக் கால், 4 மணிக்கு அரைக்கால், காலை 6 மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சியிருக்கும். எழுந்தவுடன் சிகரெட்டைத் தேடுவதற்கு இதுவே காரணம். எழுந்த 30 நிமிடங்களுக்குள் முதல் சிகரெட்டைப் புகைப்பவர் மிகுந்த சார்புநிலையில் உள்ளார் என மருத்துவர்கள் கணிக்கின்றனர்.

பதின்ம வயதினரின் மூளையில் முடிவெடுத்தலுக்கும் தன்னடக்கத்திற்கும் உரிய முன்பகுதி முழு வளர்ச்சி அடைந்திராது. அவ்வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கின்றது. இப்பருவத்தில் சார்புநிலை விரைவாக உருவாகின்றது. நாள்தோறும் புகைக்காமல் அவ்வப்போது மட்டும் புகைக்கும் சிறுவர்களிடமும், தொடங்கிய சில வாரங்களிலேயே சார்புநிலையின் முதல் அறிகுறிகள் தோன்றக்கூடும் என அமெரிக்க ஆய்வாளர் சோசப் டிஃப்ரான்சாவும் பிறரும் 2000 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. "எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம்" என்று ஒரு மாணவன் கருதும் காலத்திலேயே விடுவது கடினமாகத் தொடங்கியிருக்கலாம் என்பதே இதன் பொருள்.

வரலாறு

நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை சுவீடன் நாட்டில் தோன்றியது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத கடற்படையினர், அதற்குப் பதிலாக வாயில் அடக்கும் புகையிலையைப் பயன்படுத்துவதை லுண்ட் நகரைச் சேர்ந்த உடலியங்கியல் ஆய்வாளர் கிளாசு லுண்ட்கிரென் கவனித்தார். புகையின்றி நிக்கோட்டினை மட்டும் தரும் ஒரு பொருளை உருவாக்கலாமே என்று அவர் 1967 இல், லியோ என்னும் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய தம் நண்பர் உவே ஃபெர்னோவிற்கு எழுதினார். ஃபெர்னோவின் முயற்சியால் நிக்கோட்டின் சூயிங்கம் உருவாகியது. 1978 இல் சுவிட்சர்லாந்திலும், 1984 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. தோலில் ஒட்டும் பட்டை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

உலக சுகாதார அமைப்பு 2009 இல் இச்சிகிச்சையைத் தனது இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசின் தேசிய இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இது 2022 இல் இடம்பெற்றது.

வடிவங்களும் பயன்படுத்தும் முறையும்

ஒட்டுப்பட்டை: பேட்ச் என்று பரவலாக அறியப்படும் இது, மயிரற்ற, உலர்ந்த தோலில் காலையில் ஒட்டப்படுகின்றது. நிக்கோட்டின் தோல் வழியாக மெதுவாக இரத்தத்தில் கலக்கின்றது. சில மணி நேரத்திற்குப் பின்னரே உச்ச அளவை அடைவதால், உடனடி வேட்கையைத் தணிக்காது. ஆனால் நாள் முழுவதும் அடிமட்ட அளவைக் காக்கும். 24 மணி நேரப் பட்டைகள் 21, 14, 7 மில்லிகிராம் அளவுகளில் உள்ளன. நாளொன்றுக்கு 10 சிகரெட்டுகளுக்கு மேல் புகைக்கும் வயது வந்தோருக்குப் பொதுவாக 6 வாரம் 21, பின் 2 வாரம் 14, பின் 2 வாரம் 7 மில்லிகிராம் எனக் குறைக்கப்படுகின்றது. ஒட்டும் இடத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும். தோலரிப்பு, தூக்கமின்மை, தெளிவான கனவுகள் ஆகியவை பக்க விளைவுகள். கனவுகள் தொல்லை தந்தால் இரவில் பட்டையை நீக்கிவிடலாம். வியர்வையால் பட்டை கழன்றுவிடலாம். மிகு வெப்பத்தில் நிக்கோட்டின் உறிஞ்சப்படும் வேகம் கூடலாம். கோடையில் கடும் வெயில் அடிக்கும் ஊர்களில் இவை இரண்டையும் கவனிக்க வேண்டும்.

சூயிங்கம்: 2 மற்றும் 4 மில்லிகிராம் அளவுகளில் உள்ளது. இதனைச் சாதாரண சூயிங்கம் போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரச்சுவை அல்லது குறுகுறுப்பு தோன்றும் வரை மெதுவாக மென்று, பின் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். இவ்வாறு ஏறத்தாழ 30 நிமிடங்கள் பயன்படுத்தலாம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உறிஞ்சப்படுகின்றது. வேகமாக மென்று விழுங்கினால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் மட்டுமே மிஞ்சும். வாயில் அமிலத்தன்மை இருந்தால் உறிஞ்சுதல் குறையும். எனவே மெல்வதற்கு 15 நிமிடங்கள் முன்பிருந்தும் மெல்லும்போதும் காப்பி, எலுமிச்சைச் சாறு, சோடா, குளிர்பானம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கரையும் மாத்திரை: வாயில் அடக்கி மெதுவாகக் கரைக்கப்படுவது. மெல்ல இயலாதவர்களுக்கும், பற்களில் கம்பி கட்டியுள்ள மாணவர்களுக்கும் சூயிங்கத்தைவிட வசதியானது.

மூக்கில் தெளிக்கும் மருந்து, உறிஞ்சு குழல் ஆகியனவும் சில நாடுகளில் உள்ளன. இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. சிகரெட்டைப் போல் சில நொடிகளில் மூளையைத் தாக்காமல், இவை நிக்கோட்டினை மெதுவாகவும் குறைவாகவும் தருகின்றன. அதனால் இவற்றுக்கு அடிமையாகும் வாய்ப்பு சிகரெட்டைவிட மிகக் குறைவு.

பதின்ம வயதினரிடம் நடந்த ஆய்வுகள்

வயது வந்தோரிடம் நடந்த ஆய்வுகளில் 64,000 பேருக்கு மேல் பங்கேற்றுள்ளனர். அவற்றைத் தொகுத்த 2018 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, இச்சிகிச்சை புகைப்பழக்கத்தை விடும் வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு வரை கூட்டுகின்றது எனக் கண்டது. பதின்ம வயதினரிடம் நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையிலும் அளவிலும் சிறியவை. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- 2000 இல் வெளியான அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வில் 101 பேருக்கு 6 வாரம் ஒட்டுப்பட்டை தரப்பட்டது. 6 வார முடிவில் 11 விழுக்காட்டினரும், 6 மாத முடிவில் 5 விழுக்காட்டினரும் மட்டுமே புகைக்காமல் இருந்தனர். இதில் ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை.
- 2005 இல் எரிக் மூல்சானும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான 120 பேர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அனைவருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. 12 வாரச் சிகிச்சையின் முடிவில் ஒட்டுப்பட்டைக் குழுவில் 18 விழுக்காட்டினரும், சூயிங்கம் குழுவில் 6.5 விழுக்காட்டினரும், மருந்துப்போலிக் குழுவில் 2.5 விழுக்காட்டினரும் புகைப்பதை விட்டிருந்தனர்.
- 2008 இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேரிடம் மூக்கில் தெளிக்கும் மருந்து சோதிக்கப்பட்டது. எரிச்சலும் சுவையும் பிடிக்காமல் பாதிக்கும் மேற்பட்டோர் மருந்தைக் கைவிட்டனர்.
- 2014 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 12 முதல் 18 வயது வரையிலான 257 பேர் பங்கேற்றனர். ஒட்டுப்பட்டை முதல் 2 வாரங்களில் பயன் தந்தது. ஆனால் அப்பயன் சிகிச்சை முடியும் வரை நிலைக்கவில்லை. மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களிடம் பயன் கூடுதலாக இருந்தது.

20 வயதிற்குட்பட்ட 13,000 பேருக்கு மேல் பங்கேற்ற 41 ஆய்வுகளைத் தொகுத்த 2017 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, குழுவாக ஆலோசனை வழங்கும் முறையே ஓரளவு பயனளிப்பதாகவும், மருந்துகளின் பயனுக்குத் தெளிவான சான்று இல்லை எனவும் கூறியது.

இம்முடிவுகளைப் படிக்கும்போது விழுக்காட்டை மட்டும் பார்ப்பது தவறான எண்ணத்தைத் தரலாம். மூல்சானின் ஆய்வில் 18 விழுக்காடு என்பது 34 பேரில் 6 பேர், 2.5 விழுக்காடு என்பது 40 பேரில் ஒருவர். இவ்வளவு சிறிய எண்களில் ஓரிருவர் மாறினாலும் விழுக்காடு பெரிதும் மாறிவிடும். சான்று போதாது என்பதும், மருந்து பயனற்றது என்பதும் ஒன்றல்ல. பதின்ம வயதினரைப் பொறுத்து இப்போதைக்குக் கூறக்கூடியது முதலாவது மட்டுமே.

பயன் குறைவாகத் தோன்றுவதற்கான காரணங்கள்

- புகைக்கும் முறை: பல மாணவர்கள் நாள்தோறும் ஒரே அளவில் புகைப்பதில்லை. பள்ளி நாளில் ஒன்று, விடுமுறையில் ஐந்து என்று மாறுபடும். ஒரே சிகரெட்டை இருவர் பகிர்வதும் உண்டு. சீரான அளவைத் தரும் ஒட்டுப்பட்டை இத்தகைய பழக்கத்திற்குப் பொருந்துவதில்லை.
- மருந்தைத் தொடராமை: சில நாட்களில் சலிப்படைந்து நிறுத்திவிடுவது பதின்ம வயதினரிடம் மிகுதி.
- மறைத்தல்: வீட்டிற்குத் தெரியாமல் புகைப்பவர், வீட்டிற்குத் தெரியாமல் கையில் பட்டையை ஒட்டிக்கொள்ள முடியாது.
- நட்பு வட்டம்: சிகரெட் பலருக்கு நண்பர் கூட்டத்தின் நுழைவுச் சீட்டாக உள்ளது. டீக்கடை வாசலில் நண்பர்கள் கூடும் மாலை நேரத்தை எந்த மருந்தும் மாற்றித் தருவதில்லை.

கடைசிக் காரணமே மிகப் பெரியது எனலாம். நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை உடலின் தேவையைத் தணிக்கின்றது. பழக்கத்தின் சூழலை அது தொடுவதில்லை. சூழலைத் தொடுவது ஆலோசனையின் பணி.

பல நாடுகளின் நிலைப்பாடு

பிரித்தானியாவில் 2005 முதல் 12 வயதிற்கு மேற்பட்டோருக்கு இச்சிகிச்சை அனுமதிக்கப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 18 வயதிற்கு மேற்பட்டோருக்கே முறையான ஒப்புதல் உள்ளது. ஆயினும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், நடுத்தர அல்லது கடும் சார்புநிலையில் உள்ள பதின்ம வயதினருக்கு மருத்துவர்கள் இதனைக் கருத்திற்கொள்ளலாம் என்று பரிந்துரைக்கின்றது. அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020 இல், சிறுவர்களின் புகைப்பழக்கத்தை நிறுத்தும் முறைகளைப் பற்றிய சான்று போதாது எனக் கூறி, பழக்கம் தொடங்காமல் தடுப்பதையே பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பு 2024 இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி வயது வந்தோருக்கு மட்டுமே உரியது.

புகைப்பழக்கத்தை விடப் பயன்படும் மற்றொரு மருந்தான வாரெனிக்ளின், 16 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையோருக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. எனவே பள்ளி மாணவர்களைப் பொறுத்தவரை மருத்துவரிடம் உள்ள தெரிவுகள் குறைவு.

இந்தியாவில் நிலைமை

13 முதல் 15 வயது வரையிலான இந்திய மாணவர்களிடம் 2019 இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்தி வந்தனர். மாணவர்களில் இது 9.6 விழுக்காடு; மாணவிகளில் 7.4 விழுக்காடு. சிகரெட் புகைத்துப் பார்த்தவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி புகைத்துப் பார்த்தவர்களில் 47 விழுக்காட்டினரும் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்னரே அதனைத் தொடங்கியிருந்தனர்.

2003 ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 18 வயதிற்குட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களின் 100 கெச எல்லைக்குள்ளும் புகையிலை விற்பதைத் தடை செய்கின்றது. 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு, சிறாருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கின்றது. இத்தண்டனைகள் விற்றவருக்கும் கொடுத்தவருக்கும் உரியவை. வாங்கிய மாணவருக்கு உரியவை அல்ல. மின் சிகரெட்டுகள் 2019 இல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டன. அவை நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சையின் வடிவங்களும் அல்ல.

புகைத்தலை நிறுத்த உதவும் மருத்துவ மையங்கள் 2002 இல் நாட்டில் 13 இடங்களில் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றுள் ஒன்று. 2016 இல் தேசியப் புகையிலை விடுப்புத் தொலைபேசிச் சேவை தில்லியில் தொடங்கப்பட்டது. பின்னர் பெங்களூரு நிம்ஃகான்சு நிறுவனம் உள்ளிட்ட மையங்களும் இதில் இணைந்தன. இதன் கட்டணமில்லா எண்ணான 1800-11-2356, 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொருட்களின் உறைகளில் அச்சிடப்படலாயிற்று. சிகரெட்டை வாங்கும் ஒவ்வொருவர் கையிலும் அதனை விடுவதற்கான எண்ணும் சேர்ந்தே வருகின்றது. சில்லறையாக ஒன்று, இரண்டு என்று வாங்கும் மாணவருக்கு மட்டும் அந்த உறை கிடைப்பதில்லை.

சாத்தூர், சிவகாசி வட்டாரம்

வைப்பாற்றின் கரையில் அமைந்த சாத்தூர், சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர் பெற்ற ஊர். தீப்பெட்டியும் பட்டாசும் இவ்வட்டாரத்தின் முக்கியத் தொழில்கள். 1920களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், வறண்ட காலநிலையின் துணையுடன் சாத்தூர், கோவில்பட்டி வரை பரவியது. நாட்டின் பல பகுதிகளில் சிகரெட்டையும் பீடியையும் பற்றவைக்கும் தீக்குச்சி இங்கிருந்தே செல்கின்றது.

அதே வேளையில், பட்டாசுத் தொழிற்சாலையின் வளாகத்தில் தீக்குச்சிக்கு இடமில்லை. 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், வெடிபொருள் தயாரிக்கும் இடத்திலும் சேமிக்கும் இடத்திலும் புகைப்பதையும், தீயை உண்டாக்கும் பொருட்களை வைத்திருப்பதையும் தடை செய்கின்றன. இவ்விதியின் பொருள் இப்பகுதி மக்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். வேதிப்பொருட்களைக் கையாளும்போது ஏற்பட்ட உராய்வே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது, புகைத்தல் அன்று. எனினும் சிறு உராய்வுக்கே இத்தகைய விளைவு உண்டாகும் இடத்தில் ஒரு நெருப்புப் பொறியின் விளைவைக் கூறத் தேவையில்லை.

2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரை வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் தொடர்பான தொழில்களில் அமர்த்தக் கூடாது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்கள் வேலை செய்தது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் வழங்கிய தீர்ப்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பில் ஒரு முக்கியப் படியாகும். எனவே 17 வயது இளைஞர் ஒருவர் இன்று பட்டாசு ஆலைக்குள் இருக்கக் கூடாது. ஆனால் 18 வயது நிறைந்ததும் இவ்வட்டார இளைஞர் பலருக்குக் கிடைக்கும் முதல் வேலை அங்கேயே அமைகின்றது. 15 வயதில் பழகிய சிகரெட்டுடன் அவர் உள்ளே சென்றால், வேலை நேரம் முழுவதும் நிக்கோட்டின் இல்லாமல் இருக்க வேண்டும். அல்லது விதியை மீற வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகும் கணக்கு அங்கும் மாறுவதில்லை. எரிச்சலும் கவனக் குறைவும் விலகல் அறிகுறிகள் என்பது மேலே கூறப்பட்டது. கவனம் உயிரைக் காக்கும் வேலையில் அவை சிறு குறைகள் அல்ல.

நெருப்புக்கு இடமில்லாத நீர்மூழ்கிக் கப்பலில் எழுந்த கேள்வியே நிக்கோட்டின் சூயிங்கத்தைத் தோற்றுவித்தது. அதே கேள்வி பட்டாசு ஆலையிலும் உள்ளது. அங்கு மாலுமிகள் கண்ட விடை வாயில் அடக்கும் புகையிலை. அவ்விடையின் ஆபத்து இங்கும் உண்டு. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா ஆகியவை 2013 முதல் தடை செய்யப்பட்டிருந்தும், உதட்டினுள் அடக்கும் சிறு பொதிகள் மாணவர்களிடையே பரவின. "கூல் லிப்" என்னும் பொருளுக்குப் பள்ளி மாணவர்கள் அடிமையாவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 இல் கவலை தெரிவித்து, மத்திய, மாநில அரசுகளிடம் விளக்கம் கேட்டது. புகையில்லாப் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். அதனைச் சிகரெட்டுக்கு மாற்றாகக் கொள்வது சிகிச்சை ஆகாது. மருந்தாகத் தரப்படும் சூயிங்கத்தில் நிக்கோட்டின் உண்டு, புகையிலை இலை இல்லை என்பதே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

சிகிச்சையின் படிகள்

பதின்ம வயதினர் ஒருவர் புகைப்பழக்கத்தை விட முன்வரும்போது பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு வருமாறு:

1. கேட்டறிதல்: எதனை, எத்தனை, எப்போது புகைக்கின்றார், எழுந்த எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பவை கண்டிக்காமல் கேட்கப்படுகின்றன. பீடியும் சிகரெட்டைப் போன்றே கணக்கிடப்படும். வடிகட்டி இல்லாததாலும், அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதாலும் பீடி குறைந்த தீங்குடையது அன்று.
2. நாள் குறித்தல்: விடும் நாளைப் புகைப்பவரே முடிவு செய்கின்றார். பெரும்பாலும் இரு வாரத்திற்குள் ஒரு நாள் தேர்ந்தெடுக்கப்படும்.
3. ஆலோசனை: வேட்கையைத் தூண்டும் இடம், நேரம், நண்பர் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு மாற்று வகுக்கப்படுகின்றது. வேட்கை பொதுவாகச் சில நிமிடங்களில் தணிவதால், அந்நிமிடங்களைக் கடத்தும் வழிகள் கற்பிக்கப்படுகின்றன.
4. மருந்து: நாள்தோறும் புகைப்பவராகவும், சார்புநிலை உடையவராகவும், விட விரும்புபவராகவும் இருந்தால் மட்டுமே மருத்துவர் இதனைக் கருதுவார். அவ்வப்போது புகைப்பவருக்கு இது தேவைப்படுவதில்லை. புகைக்காத ஒருவருக்கு இதனை ஒருபோதும் தரக் கூடாது. 18 வயதிற்குட்பட்டோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் பொதுவாகப் பெறப்படுகின்றது.
5. தொடர் கவனிப்பு: முதல் வாரத்திலும், பின்னர் சீரான இடைவெளிகளிலும் நிலைமை கேட்டறியப்படும். இடையில் ஒரு சிகரெட் புகைத்துவிட்டால் அது தோல்வியாகக் கருதப்படுவதில்லை. அன்றே மீண்டும் தொடரலாம்.

அரசு மருத்துவமனைகளும், 2014 இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தின் ஆலோசனைச் சேவைகளும் இதற்கு உதவுகின்றன. 2022 இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி சாத்தூருக்கு அண்மையில் உள்ளது. தொலைபேசிச் சேவைக்குப் பேருந்துச் செலவும் இல்லை. ஊரில் யாரும் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமும் இல்லை.

பாதுகாப்பு

நிக்கோட்டின் அளவு மிகும்போது குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றும். அப்போது மருந்தை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பயன்படுத்திய பட்டையிலும் நிக்கோட்டின் எஞ்சியிருக்கும். அதனை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, சிறு குழந்தைகளுக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்த வேண்டும். சூயிங்கத்தை இனிப்பு என்று எண்ணிக் குழந்தைகள் உண்ண நேரலாம் என்பதால் அதனையும் பாதுகாப்பாக வைக்க வேண்டும்.

கருத்து வேறுபாடுகள்

வளரும் மூளைக்கு நிக்கோட்டினை மருத்துவரே தருவது சரியா என்பது இத்துறையில் தொடர்ந்து எழுப்பப்படும் கேள்வி. மருந்தை எதிர்ப்போர், நிக்கோட்டின் இளம் மூளையின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதையும், பயனுக்கான சான்று போதாது என்பதையும் சுட்டிக்காட்டுகின்றனர். ஆதரிப்போர், நாள்தோறும் புகைக்கும் ஒருவர் ஏற்கெனவே நிக்கோட்டினைப் புகையுடன் சேர்த்துப் பெற்று வருகின்றார் என்றும், சிகிச்சை அதனைக் குறைக்கின்றதே அன்றிக் கூட்டுவதில்லை என்றும் கூறுகின்றனர்.

இரு சாராரும் உடன்படும் செய்திகள் உள்ளன. ஆலோசனை இன்றி மருந்தை மட்டும் தருவதால் பதின்ம வயதினருக்குப் பெரும் பயன் இல்லை. புகைக்கும் மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்குவதோ வீட்டில் அடிப்பதோ சார்புநிலையைக் குறைப்பதில்லை. அது பழக்கத்தை மேலும் மறைவிடத்திற்குத் தள்ளி, உதவி கேட்கும் வாய்ப்பை இல்லாமல் செய்கின்றது. 18 வயதிற்கு முன் விட்டுவிடும் ஒருவர், பல பத்தாண்டுகள் புகைப்பதால் வரும் நோய்களிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றார். மருந்து அதற்கு ஒரு கைத்தடியாக உதவலாம். நடக்க வேண்டியவர் அவரே, உடன் நடக்க வேண்டியவர்கள் அவரைச் சுற்றியுள்ள பெரியவர்கள்.